கோட்டைக் குன்றில் பெண் பார்த்தார்கள்

பெண் பார்ப்பதற்குப் பண்டார் ஹிலிரில் இருக்கும் கோட்டைக் குன்றைச் சொன்னவள் மாப்பிள்ளையின் தாய் புனிதா. செங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வாருங்கள், இல்லாவிட்டால் கோயிலில் வைத்துக்கொள்வோம் என்று ஜானகி போனில் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் பேசும், கோயிலில் எல்லாரும் தெரிந்த முகங்கள், குன்றில் என்றால் சுற்றுலா வந்தவர்களோடு நாமும் ஒரு குடும்பமாகப் போய்விடலாம் என்று புனிதா இனிமையாக மறுத்துவிட்டாள். பெம்பானில் இத்தனை வருஷம் இருந்தும் குன்றின் மேலிருக்கும் அந்த இடிந்த தேவாலயத்தை ஏறிப் பார்த்ததில்லை, இதுதான் சாக்கு என்றும் சொல்லிச் சிரித்தாள்.

போனை வைத்ததும் ஜானகி தன் மகள் பவானேஸ்வரியின் இடது காலைப் பார்த்தாள். விமலனும் தங்கையின் காலைத்தான் பார்த்தான். குன்று என்றால் படி. படி என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பவானிக்கு முப்பத்தொரு வயது. நான்கு வருஷத்துக்கு முன் சிம்பாங் அம்பாட் போகும் சாலையில் விமலனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது வண்டி சரிந்தது. விமலனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று விமலன் எல்லாரிடமும் சொன்னான். நாய் எதுவும் வரவில்லை. அவன் ஒரு கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் பவானி கண் விழித்தபோது அம்மா அந்த நாயைச் சபித்துக்கொண்டிருந்தாள். பவானி திருத்தவில்லை. முதல் நாள் திருத்தாததைப் பிறகு எந்த நாளில் திருத்துவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நல்ல மனதோடு உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கடியில் மின்னணுச் சில்லுகளை வைத்துக் கீறல், விரிசல் தேடுவது. தட்டையான தரையில் அவள் நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நேரம் ஆக ஆகத்தான் கால் இழுக்கும். வந்த இரண்டு வரன்கள் அதைப் பார்த்துத்தான் திரும்பிப் போனார்கள். விமலனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டார் வேறு, வீட்டில் கல்யாணமாகாத தங்கை இருக்கும்வரை எங்கள் மகளை அனுப்ப மாட்டோம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலம் விமலன் ஹாலில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தங்கையை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கவிட்டான். போனில் வீடியோ எடுத்து, எந்த அடியில் இடுப்பு சரிகிறது என்று நிறுத்திக் காட்டினான். வலது காலை எட்டி வைக்காதே, சின்ன அடியாக வை, வெட்கப்படுகிற மாதிரி இருக்கும் என்றான். அம்மா கணுக்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். தரையைத் தொடுகிற நீளத்துக்கு ஒரு பஞ்சாபி சூட்டைத் தேடி எடுத்தாள். காலையில் பசியாறியதும் வலி மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், வழியில் ஏதாவது கல்லையோ மரத்தையோ பார்க்கிற சாக்கில் நின்று நின்று ஏற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

"காலப் பத்தி அவங்களா கேட்டா மட்டும் சொல்லு. நீயா வாயத் தொறக்காத" என்றாள் ஜானகி.

ஞாயிற்றுக்கிழமை. கோட்டை வாசலுக்கு எதிரே பொம்மையும் பூவும் ஒட்டிய, பேச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டிகள் பாட்டை அலறவிட்டபடி வரிசையாக நின்றன. சுல்தான்கள் இருந்து ஆண்ட ஊர், போர்த்துகீசியர் கோட்டை கட்டிய ஊர், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துப் பிடித்த ஊர். மிச்சமிருப்பது கருத்துப்போன ஒரு கல் வாசலும், குன்றின் தலையில் கூரையில்லாத ஒரு தேவாலயமும். பவானி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தோழிகளோடு இந்தப் படிகளில் ஓடி ஏறியிருக்கிறாள். இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். வெயில் கல்லில் பட்டுக் கண் கூசியது.

புனிதா நல்ல உடம்புள்ளவள், ஆனால் சுறுசுறுப்பாக நடப்பாள். வந்ததும் பவானியின் கன்னத்தைத் தடவி, போட்டோவைவிட நேரில் நன்றாக இருக்கிறாய் என்றாள். ஆன்ட்டி என்று கூப்பிட்ட பவானியை அத்தை என்று கூப்பிடச் சொன்னாள். மகன் பரமேஸ்வரனுக்கு முப்பத்தேழு வயது. பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் வைத்திருந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அம்மாவின் கைப்பையைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டான். ஜானகிக்கு அதைப் பார்த்தே மனது நிறைந்துவிட்டது.

ஏறினார்கள். விமலன் சொன்னபடி பவானி சின்ன அடியாக வைத்தாள். முதல் திருப்பம் வரை மாத்திரை தாங்கியது. இரண்டாவது திருப்பத்தில் தகடு இருக்கும் இடம் சூடாக ஆரம்பித்தது. ஒரு மரத்தடியில் நின்று கடல் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றாள். புனிதாவும் நின்றாள். அங்கே என்னம்மா தெரிகிறது, மேலே போனால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று அவள் முழங்கையைப் பிடித்துக் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். பார்க்கிறவர்களுக்கு மாமியார் மருமகள் கைகோத்துப் போவதுபோலத்தான் இருந்திருக்கும். அந்தப் பிடியில் பவானியால் வேகத்தைக் குறைக்க முடியவில்லை.

மேலே தேவாலயத்துக்குள் வானம்தான் கூரை. சுவரோரமாக ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தேய்ந்துபோன எழுத்துகள், கப்பல், மண்டையோடு. ஒருவன் ஓவியங்களைத் தரையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தான். பவானி ஒரு திட்டில் உட்காரப் போனாள். அதற்குள் புனிதா, அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது பார் என்றாள். பார்த்துவிட்டு வந்து உட்காரப் போனால், வெளியே கையில்லாத சிலை ஒன்று இருக்கிறதாமே, வா பார்க்கலாம் என்றாள். மூன்றாவது தடவை பவானி உட்கார்ந்தேவிட்டாள். புனிதா கைக்குட்டையால் முகத்தை விசிறிக்கொண்டு, தொண்டை வறண்டுவிட்டது என்றாள். இளநீர்க் கடை கீழே வாசலண்டைதான் இருந்தது.

நான் போய் வாங்கி வருகிறேன் என்று விமலன் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க தம்பி. பவானி போயிட்டு வரட்டும் லா. நாளைக்கு எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவதான ஓடணும்."

விமலன் தங்கையைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

அவன் உட்கார்ந்ததை பவானி கண்ணால் பார்த்தாள். இறங்கும்போது ஏறுவதைவிட வலி அதிகம். ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுதும் அந்தத் திருகாணிகளில் போய் இறங்குவதுபோல் இருந்தது. மேலிருந்து பார்ப்பார்கள் என்று கைப்பிடியைத் தொடவில்லை. கீழே இளநீர்க்காரர் நெகிழிப் பைகளில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நிழலில் உட்காருமாறு மலாயில் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் ஏறினாள். பாதி வழியில் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். கடைசித் திருப்பத்துக்குக் கீழே நின்று மூச்சைச் சரிசெய்து, சின்ன அடியாக, நேராக நடந்து போய் எல்லாருக்கும் இளநீரைக் கொடுத்தாள்.

புனிதா உறிஞ்சிக் குடித்துக்கொண்டே அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நல்ல பெண் என்றாள்.

பிறகு போட்டோ. இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம் என்று ஜானகியே ஆசைப்பட்டாள். ஜன்னல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டையாக இருந்த சுவரருகே பவானியும் பரமேஸ்வரனும் நின்றார்கள். விமலன் போனைத் தூக்கினான். பரமேஸ்வரன் உதடு அசையாமல் மெதுவாகக் கேட்டான்.

"எந்தக் கால்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன்னையறியாமல் கீழே பார்த்துவிட்டாள். அவன் ஒரு அடி நெருங்கி நின்றான். அவனுடைய கனத்த சப்பாத்து அவளுடைய இடது பாதத்தின் மேல் ஏறியது. தவறிப் பட்டது என்று நினைத்தாள். ஆனால் அது அங்கேயே இருந்தது, பிறகு அவன் பாரத்தை மெதுவாக அந்தக் காலுக்கு மாற்றினான். நெருப்புக் கம்பி கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியதுபோல் இருந்தது. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். அவன் கேமராவைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்ப்பதுபோல. அவள் கத்தவில்லை. விமலன் இன்னொன்று எடுக்கிறேன் என்றான். இன்னொன்றும் எடுத்தான். அப்புறம்தான் சப்பாத்து இறங்கியது. பரமேஸ்வரன் அவளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தான்.

கீழே இறங்கும்போது பவானி விமலனின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் என் காலை வேண்டுமென்று மிதித்தார் என்று சொன்னாள். இடம் குறுகலாக இருந்தது, தெரியாமல் பட்டிருக்கும், இதையெல்லாம் பெரிதாக்காதே என்றான் விமலன்.

சாப்பாடு வாழையிலைக் கடையில். புனிதா எல்லாருக்கும் சொல்லிப் பரிமாற வைத்தாள். மோர் மிளகாயை நொறுக்கிக்கொண்டே, ஊர்க் கதை பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். பவானியின் காலுக்குள் தகடு இருப்பது தனக்கு முதலிலேயே தெரியும் என்றாள். செங்கில் தனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. ஜானகியின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. கால் ஒரு விஷயமே இல்ல. இரும்ப வச்சிக்கிட்டு ஏறி எறங்குச்சு, ஒரு வார்த்த வலிக்குதுன்னு சொல்லல பாருங்க. அத பாக்கத்தான் அங்க வரச் சொன்னேன். எனக்கு இந்த மாதிரி புள்ளதான் வேணும். மொத வந்தவளுக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு. ஓடிட்டா."

பவானி இலையிலிருந்து தலையைத் தூக்கினாள். முதலில் வந்தவள் என்று ஒருத்தி இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரியும். அம்மாவைப் பார்த்தாள். ஜானகி குனிந்து ரசத்தைச் சோற்றில் பிசைந்தாள். விமலன் தண்ணீர் குடித்தான். அவர்கள் இருவருக்கும் முன்பே தெரியும் என்பது பவானிக்கு விளங்கியது.

அவங்க பேர் என்ன என்று பவானி கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

"ஜெயா" என்றான் பரமேஸ்வரன், விரலை நக்கியபடி. அவளுக்கு என்ன, பண்டார் ஹிலிரில் ஏதோ டோபிக் கடையில் ஊரான் துணியைத் துவைத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று புனிதா சேர்த்துக்கொண்டாள். கோர்ட்டில் விவாகரத்து சீக்கிரம் முடிந்துவிடும், இங்கே பேச்சு நிச்சயமானதும் மகன் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்றாள். பிறகு தன் கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி, சோற்றுக் கையோடு இருந்த பவானியின் மணிக்கட்டில் தானே போட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது கால் வீங்கியிருந்தது. அம்மா ஐஸ் வைத்துக் கட்டினாள். வைக்கும்போதே தேதி பார்க்க வேண்டும் என்று பேசினாள்.

அடுத்த ஓய்வு நாளில் பவானி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பண்டார் ஹிலிருக்குப் போனாள். இரண்டாவதாக விசாரித்த டோபிக் கடையிலேயே ஜெயா இருந்தாள். மெலிந்த உடம்பு, அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பவானி தன் பெயரைச் சொல்லி, பெம்பான் பரமேஸ்வரன் என்று ஆரம்பித்ததுமே ஜெயா கையை உயர்த்தி நிறுத்தினாள். இங்கே வேண்டாம், முதலாளி தவுக்கே காதில் விழும், எனக்குச் சாப்பாட்டு நேரம் வரட்டும், பின்னால் இருக்கும் கோட்டை மேட்டுக்கு வந்துவிடு என்றாள்.

இது செயின்ட் ஜான் கோட்டை, அந்தக் குன்றிலிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு மேட்டில். அதிகம் பேர் வருவதில்லை. இங்கேயும் படிகள்தான். பவானி இந்தத் தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, தன் போக்கில் ஏறினாள். வெள்ளைச் சுவர்களுக்குள் பீரங்கிகள் கடலைப் பார்க்காமல் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றன. ஒரு மூலையில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எறும்பு மொய்த்திருந்தது. ஜெயா வந்தாள். அவள் நடந்து வரும்போதே பவானியின் காலைப் பார்த்துவிட்டாள்.

அவர் எப்படிப்பட்டவர், உண்மையைச் சொல்லுங்கள் என்று பவானி கேட்டாள். நல்ல மனுஷன், குறை ஒன்றும் சொல்ல முடியாது, தனக்குத்தான் வாய் நீளம், ஒத்துப்போகவில்லை என்றாள் ஜெயா. மனப்பாடம் பண்ணியதைச் சொல்வதுபோல் கடகடவென்று சொன்னாள்.

"என் கால மிதிச்சாரு அக்கா. அடிபட்ட கால் எதுன்னு கேட்டு மிதிச்சாரு."

ஜெயா பீரங்கியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கத்துனியா?"

"இல்ல."

"அப்ப நீ சமாளிச்சுக்குவ."

நாள் முழுக்கக் கண்ணாடிக்கடியில் பழுது தேடிப் பழகிய கண் பவானிக்கு. பீரங்கியின் மேலிருந்த ஜெயாவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றதை அவள் பார்த்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டாள். லாரிக் கதவு என்றாள் ஜெயா. கதவை யார் சாத்தியது என்று பவானி கேட்கவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஜெயா கோபப்படவில்லை. மறைக்கவும் இல்லை. தனியாக வழக்குப் போட்டு அலைந்து பார்த்துவிட்டாள், முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் சுலபமாக முடியும். இன்னொருத்தி வந்தால் விட்டுவிடுகிறோம் என்று புனிதா சொல்லியிருக்கிறாள். நடுவில் இரண்டு தடவை பரமேஸ்வரன் கடைக்கே வந்து அவளைக் காடியில் ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தான். இதையெல்லாம் வெயிலைப் பார்த்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"நீ போனா நான் தப்பிச்சேன். நீ போகலன்னா நான் இப்படியே கெடக்கணும். நேத்து வரைக்கும் நீ யாருன்னே எனக்குத் தெரியாது தங்கச்சி. ஒனக்காக நான் ஏன் உண்மைய சொல்லணும்? நல்ல மனுஷன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

கிளம்பும்போது பவானி கொடுத்த போன் எண்ணை ஜெயா வாங்கிக்கொண்டு, இறங்குகிற இடத்தில் பாசியாக இருக்கும், சுவரைப் பிடித்துக்கொள் என்றாள். அவள் முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பவானி வளையலைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். ஜெயாவைப் பார்த்ததைச் சொன்னாள். விரல்களைச் சொன்னாள். கதவில் விரல் நசுங்கினால் அவர் என்ன செய்வார் என்றான் விமலன். அந்தப் பெண்ணே நல்ல மனுஷன் என்றுதானே சொல்லியிருக்கிறாள் என்றாள் ஜானகி. உனக்கு இதற்குமேல் யார் வருவார்கள், உன்னால் அண்ணன் கல்யாணமும் நிற்கிறது, எல்லாருக்கும் பாரமாக இருந்துகொண்டு பேச்சைப் பார் என்று குரல் ஏறிக்கொண்டே போனது.

பவானி அப்போதுதான் சொன்னாள். நாய் வரவில்லை, அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான், அதனால்தான் கால் போயிற்று என்று. நான்கு வருஷமாக உள்ளேயே வைத்திருந்ததால் அதைச் சொன்னதும் வீடே இடியும் என்று எப்படியோ நினைத்திருந்தாள். விமலன் தலையைக் குனிந்துகொண்டான். ஜானகி அசையக்கூட இல்லை.

"தெரியும்."

பவானி அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுது சொல்லிட்டான். போலீஸ் கேஸ் ஆச்சின்னா வேல போயிரும், ஆம்பளப் புள்ள வாழ்க்க. நீயும் சொல்லாம இருந்த. சரி, ஒனக்கும் அதான் இஷ்டம்னு நெனச்சேன்."

அந்த நாயை அத்தனை உருக்கமாகச் சபித்த குரல் பவானியின் காதில் திரும்பவும் கேட்டது. அழுகை வரவில்லை. பசிதான் எடுத்தது, வெட்கமாக இருந்தது. உள்ளே போய்த் துணிகளை ஒரு பையில் அடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது விமலன் வந்து, எங்கே போகிறாய், நான் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். உன் வண்டியில் நான் ஏற மாட்டேன் என்றாள். அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

கம்பெனியில் வெளியூர்ப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஓர் இடம் கிடைத்தது. மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. மாதம் இரண்டு கழிவதற்குள் விமலனின் கல்யாணம் நடந்தது. அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கூட வேலை செய்கிறவள் போனில் படம் காட்டினாள். அம்மா புதுப் பட்டுச் சேலையில் நன்றாக இருந்தாள்.

அதற்குள் புனிதா வேறொரு கதையைப் பரப்பிவிட்டிருந்தாள். செங்கில் பார்த்த பெண்ணுக்குக் கால் ஊனம், மறைத்துக் கட்டப் பார்த்தார்கள், குன்றில் ஏறச் சொன்னதும் குட்டு உடைந்துவிட்டது, வேண்டாமென்று வந்துவிட்டோம் என்பது அந்தக் கதை. கம்பெனிக் கேன்டீனில் இருந்தவர்களுக்கே அது தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் ஜெயாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி போனில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று. வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த எண்ணுக்கு பவானி கூப்பிட்டபோது அது வேலை செய்யவில்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்றால் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று அர்த்தம். பவானி விசாரித்தாள். சிம்பாங் அம்பாட்டில் கலைமகள் என்று ஒரு பெண், வயது இருபத்திரண்டு, அப்பா இல்லை. எதிர்த்துப் பேசாத, சாதுவான பெண் என்று எல்லாரும் சொன்னார்கள்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். தனக்காக யார் போனார்கள்? ஜெயா கேட்டதுபோல, அந்தப் பெண் யார், நேற்று வரை தெரியாதவள்தானே. இரண்டு நாள் அப்படியே இருந்தாள். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். அந்த விபத்துக்குப் பிறகு அந்தச் சாலையில் அவள் போனதில்லை. விழுந்த இடம் எது என்று பார்த்துக்கொண்டே போனாள். அடையாளம் தெரியவில்லை.

கலைமகளின் தாய் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே கேட்டாள். பவானி தன் பெயரைச் சொன்னாள், மிதித்ததைச் சொன்னாள், ஜெயாவின் விரல்களைச் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பார்வையைக் கீழே இறக்கினாள்.

"ஒங்களதான கால் சரியில்லன்னு வேணாம்னு சொன்னாங்க?"

இல்லை, வேண்டாம் என்று சொன்னதே நான்தான் என்றாள் பவானி. அந்த அம்மாளின் முகத்தில் ஒருவகை இரக்கம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. மனசு எரியத்தான் செய்யும், அதற்காக இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்த ஜெயாவிடமே தான் நேரில் போய் விசாரித்ததாகவும், நல்ல மனுஷன் என்று அவளே சொன்னதாகவும் சொன்னாள். ஓடிப்போனவளே நல்லதாகச் சொல்லும்போது உங்கள் பேச்சை எப்படி நம்புவது என்றாள்.

கதவுக்குப் பின்னால் கலைமகள் நின்றிருந்தாள். கையில் துவைத்த துணிக்கூடை. மெலிதான, நீண்ட விரல்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பவானி அந்த அம்மாளின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துத் தன் போன் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் அசையவில்லை. பவானி இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, திரும்பச் சொன்னாள். அந்த அம்மாள் மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு மரக் கதவையும் சாத்தினாள்.

வைகாசியில் கலைமகளுக்கும் பரமேஸ்வரனுக்கும் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு பவானி தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு எதையும் விடுவதில்லை. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் ஒரு தடவை எழுதிக் கொடுத்தும் எச்சரித்துவிட்டார். கண்ணாடியை விட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடி எடுப்பாள். இதுவரை வந்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களும், பார்சல் வந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவர்களும்தான். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஒருவேளை பேசத் தயங்கிக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் இருக்கலாம் என்று, அவர்கள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே பிடித்திருப்பாள்.